உறைந்தே இருந்த ஜெப எண்ணெய்

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடத்து மார்கழியில் தொடங்கியது இது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் பாதியில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபவீட்டுக்கு என் அப்பாதான் போதகர். ஆராதனைக்கு வருவது நாற்பது பேர். ஆனால் எங்கள் மைக் செட்டின் புண்ணியத்தில் பக்கத்து ஊருக்கும் ஆராதனை கேட்கும்.

எங்கள் வீட்டில் மாத்திரை என்பதே கிடையாது. காய்ச்சலோ பல்வலியோ, எது வந்தாலும் ஜெபம்தான். சபைக்கு வருகிறவர்கள் மாத்திரை சாப்பிடுவதை அப்பா தடுத்ததில்லை. எங்கள் வாசலுக்குள் மட்டும் அது வராது. போதாததற்கு நான் பொருத்தனைப் பிள்ளை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு முறை கரு கலைந்துபோனதால், அடுத்தது தங்கினால் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறோம் என்று இருவரும் ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருந்தார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் எனக்கு வெள்ளைப் புடவையும் வேதாகமப் பள்ளியும் என்று நான் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

எனக்கோ புண்களைப் பார்க்கப் பிடிக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. யாராவது முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மற்ற பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் குனிந்து பார்ப்பேன். தோல் எப்படி ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது என்று தினமும் போய்ப் பார்ப்பேன். உயிரியல் டீச்சர் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான வகுப்பில் என் பெயரையும் சேர்த்துவிட்டார். அதை வீட்டில் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை.

அந்த மார்கழியில் அப்பா ஒரு வீட்டு ஜெபத்துக்கு ஏரிக்கரை வழியாக நடந்து போனபோது குதிகாலில் வேலிக்காத்தான் முள் ஏறிவிட்டது. பாதி முள் உள்ளேயே முறிந்துபோனது. மூன்றே நாளில் கால் வீங்கி, சீழ் கோத்துக்கொண்டது. அப்பா தரையில் கால் வைக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிரசங்கம் செய்தார்.

கழுவிக் கட்டுவதற்கு அப்பா ஒத்துக்கொண்டார். கழுவுவது மருந்தில் சேராது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. காலையும் மாலையும் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் காய்ந்த துணியால் கட்டினேன். கால் ஊன்றக்கூடாது என்று அதட்டி உட்காரவைத்தேன். கட்டு போடும் முன் அப்பா ஜெப எண்ணெயைப் பூசச் சொல்வார். அது வேறொன்றுமில்லை, நோயாளிகளுக்குப் பூசி ஜெபிப்பதற்காக ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருக்கும் தேங்காய் எண்ணெய்.

அங்கேதான் நான் அதிபுத்திசாலி ஆனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் புண்ணுக்கு என்று ஒரு ஆயின்மென்ட் வாங்கிவந்து, யாரும் இல்லாத நேரத்தில் முழு டியூபையும் அந்த எண்ணெயில் பிதுக்கிக் குச்சியால் கலக்கிவிட்டேன். எண்ணெய் வெள்ளையாகக் கலங்கியது. அப்பா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இப்டி இருக்குது?"

"குளிருக்கு உறைஞ்சிருக்குதுப்பா."

மார்கழியில் எல்லோர் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் உறையும். அப்பா நம்பிவிட்டார். நாலாம் நாள் சீழோடு முள்ளின் நுனியும் வெளியே வந்தது. பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் அப்பா நடந்தார். எனக்குள் ஒரே பெருமை.

அடுத்த ஞாயிறு அப்பா சாட்சி சொன்னார். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு நடுவில் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. டாக்டர் இல்லை, மருந்து இல்லை, இந்த எண்ணெயும் ஜெபமும் மட்டும்தான் என்று பாட்டிலை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாசி பிறந்து வெயில் ஏறியது. ஊரில் எல்லார் வீட்டு எண்ணெயும் தெளிந்துவிட்டது. எங்கள் ஜெப எண்ணெய் மட்டும் தெளியவில்லை, கலங்கலாகவே இருந்தது. அதைப் பார்த்த சபையார் அதையே ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். "வெயில்லயும் உறைஞ்சே கீது பாரு" என்று வாய்வழியாகச் செய்தி பரவி, ஆளுக்கொரு குப்பியோடு வந்தார்கள். அப்பா ஊற்றிக் கொடுத்தார், தீரத் தீர நல்ல எண்ணெயையும் சேர்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் மருந்து இருக்கிறது என்று சொன்னால் அப்பாவின் சாட்சி பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது, வெறும் ஆயின்மென்ட்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கப் போகும் ஒரு அக்கா அப்போதுதான் புதிதாகச் சபைக்கு வர ஆரம்பித்திருந்தார். சர்க்கரை நோய்க்காரர். காலில் புண்ணோடு சுகாதார நிலையத்துக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டும் மாத்திரை வாங்கிக்கொண்டும் இருந்தவர். அவரும் ஒரு குப்பி எண்ணெய் வாங்கிப் போயிருந்தார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசி வரிசையில் காலைப் புடவைக்குள் மறைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனபோதே வாடை வந்தது. கட்டை விலக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

"எதுக்கு? மாத்திரைய உட்டு ஒரு மாசம் ஆவுது. பாஸ்டருக்கு ஆறுன எண்ணெய் எனக்கு ஆறாதா? எனக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்றியா நீ?"

என் தலை முழுக்க ஒரே குழப்பம். அந்த அக்காவை ஏமாற்றியது யார்? சாட்சி சொன்ன அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. அவர் அறிந்ததைச் சொன்னார். நான்தான் பாட்டிலுக்குள் ஒன்றை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து அப்பா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாயின் மறுமுனையைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டியூப், கலங்கல், அக்காவின் விரல். அப்பா சுருட்டிய பாயைக் கீழே வைத்தார்.

"அவங்க கெளம்பிட்டாங்களா?"

"இல்லப்பா, வாசல்ல இருக்காங்க."

"ஜல்தியா போய் ஆட்டோவ நிறுத்து."

திண்டிவனம் அரசு மருத்துவமனையில் பார்த்தவுடனே 108 ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அப்பாவும் என்னோடு ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு ஜெபிக்கப் போவாரே தவிர, யாரையும் அவராகக் கூட்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. வண்டியில் வைத்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அதன்பிறகு அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர் அம்மா. அப்பா அவர் எதிரில் நின்று, எதையும் மறைக்காமல், தன் கதையையும் என் கதையையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, "எனக்கு ஆறுனது இவ கலந்த மருந்துனாலயா, அத மட்டும் சொல்லுங்கம்மா" என்று கேட்டார்.

டாக்டர் அம்மா அப்பாவின் குதிகாலைப் பார்த்தார். நான் என்னென்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் என்னிடம் கேட்டார். கடைசியில் சிரித்துவிட்டார்.

"ஒரு பாட்டில் எண்ணெயில ஒரு டியூப் கரைச்சா என்ன மிஞ்சும்? அது பெருசா ஒண்ணும் செஞ்சிருக்காது. உங்களுக்குச் சர்க்கரை இல்லை. முள் வெளிய வந்துடுச்சு, தினம் ரெண்டு வேளை சுத்தமா கழுவியிருக்கா, காலை ஊன்ற விடல. அதனாலதான் ஆறியிருக்கு. அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை, அவங்க சர்க்கரையை மாத்திரைதான் பிடிச்சு வச்சிருந்தது, அதை விட்டுட்டாங்க."

நான் செய்ததிலேயே அப்பாவுக்குத் தெரிந்து, அவர் கண் முன்னால் செய்த வேலைதான் அவரைக் குணமாக்கியிருக்கிறது. ஒளித்துச் செய்த வேலை யாருக்கும் உதவவில்லை. ஒரு விரலை எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். வராந்தாவில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அப்போ எதுக்கும்மா மறைச்ச?"

பயத்தால் என்று சொல்லலாம். ஆனால் அப்பா என்னை ஒரு நாளும் அடித்தவர் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ. ஜெபத்துக்கும் மருந்துக்கும் நானாகவே ஒரு போட்டி வைத்து, மருந்தின் பக்கம் நின்று ஆட்டத்தில் கள்ளம் செய்தேனோ?

அடுத்த ஞாயிறு அப்பா சாட்சியைத் திருப்பி வாங்கினார். அப்படி ஒன்றை எங்கள் சபையில் யாரும் பார்த்ததில்லை.

"அன்னிக்கு நான் சொன்ன சாட்சி முழுசு இல்ல. அந்த எண்ணெயில மருந்து கலந்திருந்துது. எனக்குத் தெரியாது, ஆனா என் வீட்டுல நடந்துது, அதனால அது என் தப்பு. வாங்கிக்கினு போனவங்க திருப்பிக் குடுத்துடுங்க. புண்ணு இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்."

மூன்று குடும்பங்கள் அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு மாமா மட்டும், மருந்தோ என்னவோ என் முட்டிவலி போச்சு, தரமாட்டேன் என்று குப்பியை மடியில் சொருகிக்கொண்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை அதன்பின் நானே அப்பாவிடம் காட்டினேன். அம்மா அழுதார். கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கலாமா என்றார். அப்பா விண்ணப்பத்தை வாங்கி வேதாகமத்துக்குள் வைத்தார். மூன்றாம் நாள் காலையில், "பொருத்தனை பண்ணது நாங்க. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் எழுது" என்றார். என்ன பேசினார், அதற்கு என்ன பதில் வந்தது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் முறை கிடைக்காமல் இரண்டாவது முறை சீட் கிடைத்தது. இப்போது மருத்துவம் மூன்றாம் வருடம். அப்பா இன்னும் ஒரு மாத்திரைகூடப் போட்டதில்லை. ஆனால் நான் லீவுக்குப் போனால், அந்த அக்காவின் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய், "பாத்து வை" என்று வெளியே நின்றுகொள்கிறார். அக்கா காலை நீட்டுவார். பேச்சு இன்னும் அளவோடுதான்.

இங்கே வார்டில் சிலர் கட்டுக்குள்ளே விபூதியையோ எண்ணெயையோ பூசிவிட்டு, டாக்டர் திட்டுவார் என்று மறைப்பார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பூசினீங்க, சொல்லுங்க, நானும் மறைச்சவதான்" என்பேன். சொல்லிவிடுவார்கள். ஜெபம் எது வரைக்கும், மருந்து எது வரைக்கும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எதற்கு மறைத்தாய் என்ற அப்பாவின் கேள்விக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் என் கையில் இருப்பது இன்னதென்று எதிரில் இருப்பவரிடம் சொல்லாமல், அதன்பிறகு நான் யாருக்கும் ஒரு துளிகூடப் பூசியதில்லை.