எட்மோன் வளர்க்கும் கிருமிகள்

கண்ணாடித் தட்டின் மேல் மூக்கைக் கவிழ்த்து நிதானமாக மோந்து பார்க்கிறார் எட்மோன். "திராட்ச வாசன வருது பாரு. பச்சச் சீழ்க் கிருமி. யாருக்கோ கால்ல புண்ணு" என்று தட்டை என் பக்கம் நீட்டுகிறார். அவருக்கு உதவியாளான நான் பின்வாங்குகிறேன். காரைக்கால்காரர், சைகோன் ஆஸ்பத்திரி ஒன்றில் கிருமி ஆராய்ச்சி. எந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று கண்டுபிடிப்பது உத்தியோகம். மனிதர் அதுகளைச் சீராட்டுவதைப் பார்த்தால், கொல்லத்தான் வளர்க்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம்.

கிருமிகளின் சாப்பாட்டில் அவர் காட்டும் அக்கறை இருக்கிறதே! சண்டையால் கப்பல் தாமதமாகி, வெளிநாட்டு மாவு டப்பா வராமல் போனால், விடிந்ததும் ஊரின் பெரிய சந்தையான ‘பென் தான்’ சந்தையில் நிற்பார். ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைக்காரியிடம் மாட்டெலும்புச் சாறு வாங்குவார். உப்பும் பட்டையும் விழுவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும். இனிப்பு விற்பவளிடம் கடல்பாசி. இரண்டையும் காய்ச்சி வடிகட்டித் தட்டில் ஊற்றினால் கெட்டியாகிவிடும். "நம்ம ஆளுங்க சாப்பாட்டுல கொற சொல்லவே மாட்டாங்க" என்று பெருமை வேறு. மனைவி மாதலேன் வைக்கும் குழம்பில் இவர் குறை சொல்லாத நாள் கிடையாது.

அதே சந்தை வாசலில்தான் மாத்திரைகளையும் சில்லறையாக விற்கிறார்கள். அதைக் கண்டால் ஐயாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலா, இரண்டு குளோராம்பெனிகால் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறது ஊர். அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிருமி பாதி செத்துக் கிடக்கும், வளராது. என்ன நோயென்று தெரியாது. "ரத்தம் குடுக்காம மாத்திரையத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்!" என்று தமிழ், பிரெஞ்சு, வியட்நாமியம் மூன்றிலும் கத்துவார். அவர் எதிரே வந்தால் நான் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வேன்.

எழுபத்துமூன்றில் அவர் மகள் ஏவ்லினுக்கே டைபாய்டு போல் வந்தது. எட்மோன் தானே ரத்தம் எடுத்து, கிருமி வளர்க்கும் சாற்றுப் புட்டியில் விட்டுவிட்டு, பிள்ளையை வார்டில் சேர்த்தார். அங்கே வழக்கமான குளோராம்பெனிகால்தான் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. குடலில் ஓட்டை விழுந்தால் பிள்ளை தக்காது என்பது அவருக்குத் தெரியும். அன்று மாதலேன் ஆராய்ச்சி அறைக்கே அழுதுகொண்டு வந்தாள்.

"நீங்க திட்டுவீங்கன்னு சொல்லலீங்க. ரத்தம் எடுக்கறதுக்கு முந்தியே சந்த மாத்திரைய வாங்கி நாலஞ்சு நாளா குடுத்துக்கிட்டு வந்தேன்."

"அடிப் பாவி! ஊருக்கெல்லாம் தொண்ட கிழியக் கத்துறேன், என் வீட்டுலயேவா?"

"நீங்க எங்க வீட்டுல இருந்தீங்க? இதுங்களோடதானே கெடந்தீங்க!"

எட்மோன் ரத்தம் விட்ட புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்; தெளிவாகவே இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் புட்டியில் இனி எதுவும் வளராது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

மறுநாள் காலையில் சாறு கலங்கியிருந்தது. "மொளச்சிடுச்சு! மொளச்சிடுச்சு!" என்று லாட்டரி விழுந்தவர் மாதிரி என் முதுகில் அறைந்தார். அடுத்த நிமிஷமே முகம் வெளுத்துவிட்டது. அத்தனை மாத்திரைக்கும் அசராமல் முளைத்திருக்கிறது என்றால், வார்டில் பிள்ளைக்குக் கொடுக்கும் அதே மருந்தும் இதை ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். "மோன் தியே, கடவுளே, தண்ணியக் குடுக்கற மாதிரியில்ல குடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். உடனே அந்தக் கிருமியைத் தட்டில் பரப்பி, வெவ்வேறு மருந்தில் நனைத்த காகிதப் பொட்டுகளை அதன் மேல் வைத்தார். மருந்துக்குக் கிருமி செத்தால் பொட்டைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் விழும்.

அடுத்த நாள் நான் போனபோது மாதலேனும் அங்கே நின்றிருந்தாள். எட்மோன் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். தட்டை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. "நீ பாத்துச் சொல்லு. எனக்குக் கண்ணு மறைக்குது" என்று அவளிடம் நீட்டினார்.

"இந்தப் பொட்ட ஒட்டி நெருக்கமா மொளச்சிருக்குங்க."

"அது நீ குடுத்தது. வார்டுல குடுக்கறதும் அதான். அடுத்தது?"

"இதச் சுத்தி ஒண்ணுமே இல்லீங்க. பளிச்சுன்னு கெடக்கு."

"பின்பக்கம் என்ன எழுதியிருக்கேன்?"

"ஆம்பிசிலின்."

எட்மோன் எழுந்தார். தட்டைப் பிடித்திருந்த அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு, தட்டோடு சேர்த்து அவளையும் வார்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.