அண்ணன் கழற்றிய இடது சக்கரம்

இந்த நினைவு மலரின் மற்ற பக்கங்களில் அண்ணனைச் சாந்தமானவர், சிரித்த முகம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் கடைசி எட்டு வருஷமாக அவர் வீட்டு வாசற்படியை மிதிக்காதவர்கள். கூடப் பிறந்தவன் நான் சொல்கிறேன், அண்ணன் சிடுமூஞ்சி. அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எனக்கு அவரைப் பிடிக்காது. முதலாம் ஆண்டு நினைவுக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாகச் சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பொன்னேரிக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில், மூத்த பிள்ளையாக. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் பத்தாவதோடு படிப்பை விட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் ஹெல்பராகச் சேர்ந்தார். பிறகு ஃபிட்டர் ஆனார். என்னைப் படிக்க வைத்தார். தங்கையைக் கட்டிக் கொடுத்தார். இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது. ஆனால் நான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டாமலும் அவர் இருந்ததில்லை.

எனக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய காரை வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போக ஆரம்பித்தேன். அண்ணன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. ஏரி நிரம்பினால் தெருவில் தண்ணீர் ஏறும் என்று தரையை உயர்த்திக் கட்டியதால், வாசலில் கார் ஏற்றும் ராம்ப் செங்குத்தாக இருக்கும்.

அந்த ராம்ப் கதை சொந்தக்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சோதனைக்கு முந்தின நாள், என் ஏழு வயது மகளை அண்ணன் காருக்குப் பின்னால் நிற்க வைக்கப் பார்த்தார், ஈவு இரக்கமில்லாத மனிதர். இதை உங்களுக்குச் சொன்னவன் நான்தான். சொல்லாமல் விட்டதும் நான்தான்.

எஃப்.சி.க்கு வண்டியை ஆய்வாளர் முன்னால் நிறுத்துவதற்கு முன் ஹேண்ட் பிரேக்கை அண்ணன்தான் வீட்டிலேயே சரி செய்வார். பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, டிரம்மைத் திறந்து, உள்ளே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூவைப் பார்த்துச் சுத்தம் செய்து வைத்த பிறகுதான் கேபிளைத் தொடுவார். அந்த வருஷம் அன்றைக்கு அவருக்குக் காலை ஷிப்ட். என்னைச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். வலது பக்கத்தைக் கழற்றி முடித்தேன். அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. இடது பக்கத்தைத் தொடவே இல்லை. கேபிள் நட்டை மட்டும் இறுக்கிவிட்டேன். லீவர் மூன்றாவது சொடுக்கிலேயே விறைத்து நின்றது. ஆய்வாளரை ஏமாற்ற அது போதும் என்று நினைத்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவர் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

“ரெண்டு டிரம்மும் கழட்டினியா?”

“கழட்டினேண்ணா.”

குனிந்து, இடது சக்கரத்து நட்டுகளில் கலையாமல் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். நிமிர்ந்து, “வண்டிய ராம்ப்ல ஏத்து. ஹேண்ட் பிரேக் போட்டுட்டு கால எடு. உன் பொண்ண கூப்டு, பின்னால நிக்கட்டும்” என்றார்.

ஏற்றினேன். லீவரை இழுத்தேன். கால் மட்டும் பெடலை விட்டு வரவில்லை. வண்டி நிற்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மகளைப் பின்னால் நிறுத்தி அப்படி நினைக்க முடியவில்லை.

“இன்னாடா, பயமாகீதா? எத்தினி ஊட்டுப் புள்ளைங்கள இதுல இஸ்துகினு போற?”

மகள் வாசலில்தான் நின்றிருந்தாள். அண்ணன் அவளைக் கூப்பிடவே இல்லை. என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என் மனைவி ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, “கொழந்தைய கொல்லப் பாக்கறீங்களா மாமா?” என்று அலறினாள். தப்பிக்க எனக்கு அது போதுமாக இருந்தது. காரைத் தெருவில் இறக்கி நிறுத்திவிட்டு, “நீயெல்லாம் ஒரு மனுஷனா?” என்று நானும் சேர்ந்து கத்தினேன். தெருவே கூடிவிட்டது.

அண்ணன் ஜாக்கியை எடுத்து வந்து இடது சக்கரத்தைக் கழற்றினார். துருப்பிடித்து இறுகியிருந்த டிரம்மைத் தட்டித் தட்டித் திறந்தார். உள்ளே ஷூ தேய்ந்து, எண்ணெயில் ஊறிக் கிடந்தது. சைக்கிளில் பஜாருக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்து மாட்டினார். பொழுது சாயும்வரை தனியாகச் செய்தார். நான் வீட்டுக்குள் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் வண்டி முதல் தடவையிலேயே பாஸ் ஆனது. அன்று உங்களில் பலருக்குப் போன் போட்டு, “வண்டில ஒண்ணுமே இல்ல, அந்த ஆளு சும்மா சீன் போட்டாரு” என்றேன். வேப்பம்பட்டில் இருப்பவர்களும் செவ்வாப்பேட்டையில் இருப்பவர்களும் விசாரிக்காமலே நம்பினீர்கள். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது உங்களுக்கு. அவர் உங்களையும் சுடச்சுடக் கேட்டவர்தானே! அவர் மகள் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நானும் போகவில்லை.

அவர் தெருவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த வீட்டிலும் என் காரில் பிள்ளையை ஏற்றியிருக்க மாட்டார்கள். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. திட்டியே தீர்த்திருக்கலாம் அந்த மனிதர்.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தடவை போனேன். நான் செய்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா, வாய தொறக்காம குந்திகினு கீற? வந்த வேலைய சொல்லு” என்றார்.

“சும்மா பாக்க வந்தேண்ணா.”

“பாத்துட்ட இல்ல? கெளம்பு.”

கிளம்பிவிட்டேன். இரண்டு நாளில் அவரும் போய்விட்டார்.

இரவு பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு துணைக்கு வந்து படுத்த ஆலைத் தோழர்களுக்கும், தகனம்வரை கூட நின்ற எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் பேச்சை நம்பி எட்டு வருஷம் ஒதுங்கியிருந்துவிட்டு இன்று கையில் மாலையோடு வந்திருக்கும் சொந்தங்களே, அன்று நான் இடது சக்கரத்தைக் கழற்றவில்லை. கழற்றினேன் என்று பொய் சொன்னேன். உள்ளே அண்ணி உட்கார்ந்திருக்கிறார், போய் மன்னிப்புக் கேளுங்கள். நான் இன்னும் கேட்கவில்லை. அந்தப் பொய் இதை அச்சில் பார்த்துத்தான் அண்ணிக்கே தெரியப்போகிறது.