சீல் வைக்காத பம்ப்

கம்பம்மெட்டில் சுவக்கீன் அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரம்தான் மறைப்பு. நாள் முழுக்க அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும். டீயை நின்றுகொண்டே குடிப்பார். கோயிலில் பிரசங்கம் நீண்டால் வெளியே போய் யாருடைய ஜீப் பானெட்டையாவது திறந்துகொண்டு நிற்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன்.

டீசல் பம்ப் கைக்கு வந்தால் மட்டும் அந்தக் கால் நிற்கும். ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகள் எல்லாம் அவரிடம்தான் வரும். அது என்னதான் செய்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"பந்தியில ஒத்தாளு நாலு எலைக்கும் மாத்தி மாத்திப் பரிமாறுவான்ல, அதாம்மா இது. சுத்திச் சுத்தி நாலு சிலிண்டருக்கும் முறை வச்சு டீசல் குடுக்கும். வேகம் கூடுனா உள்ள சுத்துற இரும்புக் குண்டுக வெளிப்பக்கமா விரியும். விரிஞ்சா டீசல் கொறையும். அதுதான் கவர்னர்."

பம்பின் பின்னால் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பது அதன் கையில். அண்ணன் அதை அளவாக வைத்து, லாக் நட்டை இறுக்கி, கம்பி கோத்து ஈயத்தில் சீல் வைத்துவிடுவார். ஏற்றத்தில் வண்டி இழுக்கவேண்டும், கொஞ்சம் கூட்டுங்கள் என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள்.

"ரொம்பக் கூட்டுனா கவர்னர் பேச்சு எடுபடாது. நீ காலை எடுத்தாலும் எஞ்சின் ஓடும். போடா" என்று துரத்துவார்.

அப்படிப்பட்டவரே போன ஜூலை மழையில் ஸ்க்ரூவைக் கூட்டினார். கேட்டது அவர் மனைவி அன்னமேரி அக்கா. அக்காவும் இன்னும் பதின்மூன்று பெண்களும் டிரைவர் ஜிபியின் ஜீப்பில் மேல் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். கடைசி ஏற்றத்தில் ஜீப் திணறும். எல்லாரும் இறங்கிச் சேற்றில் தள்ளவேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி வேறு.

"ஊருக்கெல்லாம் பம்ப் பாக்குறீங்க. நா தெனமும் தள்ளுறேன்" என்று அக்கா சொன்னது தகரம் தாண்டி எனக்கே சுட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பெண்கள் ஜீப்பில் காத்திருக்க, அண்ணன் சீலை வெட்டி ஸ்க்ரூவைக் கால் சுற்று கூட்டினார். அந்த நேரம் பார்த்து அக்கா, "அய்யோ, சோத்துத் தூக்குவாளிய வீட்டுல வச்சிட்டேனே" என்றார். அண்ணன் உடனே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தார். அதற்குள் வேலை முடிந்ததென்று பானெட்டை மூடியிருந்த ஜிபி, வாளி வந்ததும் கிளம்பிவிட்டான்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பீடி எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டிருக்கிறார். வந்தது காலையில் சீல் வைக்க எடுத்துவைத்த கம்பியும் ஈயமும். தகரத்துக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றுபோனது. எனக்குப் பயமாகிவிட்டது. எட்டிப் பார்த்தேன்.

"எப்சி, சீல் வைக்கல. நட்டை இறுக்குனேனான்னும் தெரியல."

"இறுக்கியிருப்பீங்கண்ணே."

"இருப்பேன்னு நெனச்சுப் பதினாலு பேரை எறக்கத்துல விடவா?"

தோட்டத்தில் ஜிபியின் போன் கிடைக்காது. நாலு மணிக்கு வண்டி இறங்கும். அண்ணன் என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். அவர் காலாட்டியதில் வண்டியே ஆடியது. "வேகமாப் போ" என்பார், உடனே "வழுக்கும், மெதுவா" என்பார்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணே!" என்று கத்தினேன். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

தோட்டத்து கேட் தெரியும் முன்பே எஞ்சின் கத்துவது கேட்டது. நல்லவேளை, ஜீப் இன்னும் கிளம்பவில்லை. பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆசானே, எஞ்சின் என்னா உஷாரு! நா ஆக்சிலேட்டர்ல காலே வைக்கல" என்று சிரித்தான் ஜிபி.

அண்ணன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பானெட்டைத் திறந்து நட்டை விரலால் தொட்டார். விரலுக்கே சுற்றியது. காலையிலிருந்து அதிர்ந்து அதிர்ந்து ஸ்க்ரூ தானாக உள்ளே போயிருந்தது.

சத்தமில்லாமல் இறுக்கிவிட்டு, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"எல்லாரும் எறங்குங்க. நட்டை இறுக்காம விட்டுட்டேன். என் தப்பு" என்றார்.

"பதினாலு வீட்டுல எழவு விழுந்திருக்குமே, பாவி மனுசா!" என்றார் ஜீப்பிலிருந்து இறங்கிய ஞானஜோதி அக்கா. அண்ணன் குனிந்தபடியே ஸ்க்ரூவைப் பழைய அளவுக்கே திருப்பினார். நட்டை இறுக்கினார். இழுத்துப் பார்த்தார். பையிலிருந்த ஈயத்தை எடுத்துச் சீல் வைத்தார்.

யாரும் ஏறவில்லை. எல்லாரும் அன்னமேரி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முழங்காலைப் பிடித்தபடி முதல் ஆளாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஏத்தத்துல திரும்பத் திணறும், மேரி" என்றார் அண்ணன் மெதுவாக.

"திணறட்டும், தள்ளிக்கிறேன். ஆனா இனி நா சோத்த மறந்தா பட்டினியாவே அனுப்புங்க. பாதி வேலைய விட்டுட்டு ஓடாதீங்க."