படகு ரெசினில் தோய்த்த காயில்

தங்கச்சிமடத்தில் என் ரிப்பேர் கடைக்கு வரும் சாமான்களில் பாதி உப்புக்காற்று தின்றவை. அந்த வாரம் வந்தது ஒரு பழைய வால்வு கித்தார் ஆம்ப்ளிஃபயர். கோயில் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கும் மீனவர் ஒருவர் கொண்டு வந்தார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. நானூறு வோல்ட்டை உள்ளேயே நிறுத்திவிட்டு, பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிற கம்பிச்சுருள், காயில், அது.

"திருவிழாவுக்கு மூணு நாள்தாண்ணே இருக்கு," என்றார். நானே கம்பி சுற்றித் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

கரண்ட் கசியாமல் இருக்க, சுற்றியதை வார்னிஷில் முக்கிக் காய வைக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது, காயவே இல்லை. எங்கள் ஊரில் எது ஒழுகினாலும், எது உடைந்தாலும் படகுக்குப் பூசும் ஃபைபர் ரெசினைத்தான் தேடுவோம். தண்ணீர்த் தொட்டிக்கும் அதுதான், பைக் மட்கார்டுக்கும் அதுதான். இன்னொரு காயில் சுற்றி அதில் முக்கினேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை இரண்டு பங்கு ஊற்றினேன். மீட்டர் எல்லாம் சரி என்றது. அவர் சந்தோஷமாக எடுத்துப் போனார்.

திருவிழா அன்று மாலை கடையைப் பூட்டும்போது, மிச்ச ரெசின் கிடந்த டப்பாவைப் பார்த்தேன். இறுகிய ரெசின் நடுவில் குறுக்காக வெடித்திருந்தது. ஹார்டனர் கூடிப்போனதன் வேலை. காயிலும் அப்படி வெடித்திருந்தால், சூடேற ஏற அந்த நானூறு வோல்ட் ஸ்பீக்கர் வயருக்கு வந்துவிடும். இரைச்சல் குறையட்டும் என்று கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயரை முன்பே யாரோ உள்ளே வெட்டியிருந்தார்கள். நானும் அதைச் சேர்க்கவில்லை.

கோயில் திடலுக்கு ஓடினேன். பாட்டு தொடங்கியிருந்தது. அவர் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று வாசித்தார். என்னைக் கண்டதும் மைக்கிலேயே நன்றி சொன்னார். ஊரே கை தட்டியது. அதற்கப்புறம் அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாழாய்ப்போன மானம்! கரகரப்பு கேட்டால் அணைத்துவிடலாம் என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நின்றேன். ரெசின் வாடை லேசாக வந்துகொண்டே இருந்தது.

கடைசிப் பாட்டும் முடிந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை. அவருடைய மனைவி வயரைச் சுருட்ட வந்து, ஸ்பீக்கர் பின்னைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"தொடாதம்மா!" என்று அலறிக்கொண்டு கரண்ட் பிளக்கை உருவினேன். அந்த அம்மா பயந்து மணலில் உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த மீனவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மனைவியைக் கைபிடித்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மணி நேரமா இங்கனதானண்ணே நின்னீக?"