கழுவாத பாட்டில்

விழுப்புரத்தில் ஆய்வு மாணவனாக இருந்தேன். திண்டிவனத்து ஏரித் தண்ணீரில் வளர்த்த அமீபாவின் மரபணு வரிசையைப் படித்தால், கூடவே ஒரு பாக்டீரியாவின் மரபணுவும் வந்தது. பாட்டில் அழுக்கு என்று, அதைக் கழுவும் மேரி அக்காவைத் திட்டினேன். பாக்டீரியாவைக் கொல்ல மருந்தும் ஊற்றினேன்.

நான்கே நாளில் அமீபாக்கள் எல்லாம் செத்துப்போயின. அப்போதுதான் உறைத்தது: அது அழுக்கல்ல, அமீபாவுக்குள்ளேயே குடியிருந்து அதை வாழவைத்த உயிர். மூன்று வருட உழைப்பு போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா பாசி படிந்த பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். “நீ மொதல்ல எடுத்தாந்த ஏரித்தண்ணி, தம்பி. உன் பேரு இருந்துச்சேன்னு கழுவாம வச்சிக்கினு இருந்தேன். திட்டுவியோன்னுதான் சொல்லல.”

அதிலிருந்து அமீபாக்கள் மறுபடி வளர்ந்தன. உள்ளிருந்த பாக்டீரியாவின் முழு மரபணுவையும் படித்து முடித்தேன். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் அக்காவுடையது. காட்டியபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: “இப்பவாச்சும் அந்தப் பாட்டில கழுவட்டுமா?”

இன்றுவரை கழுவவிடவில்லை.