ஏழு நொடிக்குள் வெளியே

மதீரா தீவின் வடகரையில் சாவ் விசெண்ட் என்ற ஊரில் அகுஸ்டினோ அப்ரேயுவுக்கு ஒரு லாரி இருந்தது. முட்டைக்கோஸும் திராட்சையும் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு நான்கு நடை தென்கரைக்குப் போய்வருவார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்தபோது லாரியை எடுக்க வீட்டில் ஆள் இல்லை என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. ஐந்தும் பெண்கள். மூத்தவள் ஒடேட் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான்காமவள் லிஜியாவுக்குப் பத்தொன்பது வயது. அவள் யாரிடமும் சொல்லாமல் கனரக வண்டி உரிமத்துக்கு எழுதிப்போட்டு, தேர்வில் தேறி, மறுநாள் காலையில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அப்போது வடகரைச் சாலை பாறையைக் குடைந்து போட்ட ஒற்றைத் தடம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். அங்கங்கே அருவி நேராக வண்டியின் தலையில் விழும். எதிரே பேருந்து வந்தால் இருவரில் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். முதல் வாரத்திலேயே வந்தது. பேருந்தோட்டி ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏம்மா, பின்னாடி எடுக்கத் தெரியலன்னா இறங்கிக்க. நான் எடுத்துத் தர்றேன்."

"வேணாண்ணே. நீங்க பாட்டுக்கு வந்துக்கிட்டே இருங்க, நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கேன்."

நானூறு மீட்டர், ஏழு வளைவு, பின்னாலேயே போய் ஒதுங்குமிடத்தில் நிறுத்தினாள். பேருந்திலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். ஓட்டியவர் மட்டும் கடலைப் பார்த்தபடி கடந்துபோனார்.

லாரிக்குப் பழுது பார்த்தவன் லீனு ஸ்பினோலா. தென்கரையில் ரிபெய்ரா பிராவா ஊரில் ஆற்றோரம் அவன் பட்டறை. யாரோ விட்டுப்போன சின்னக் கார் ஒன்றைப் பிரித்துப் பூட்டி மலையேற்றப் பந்தயத்துக்குத் தயார்செய்து வைத்திருந்தான். ஓட்ட வேண்டிய அவன் சிநேகிதன் கல்யாணம் ஆனதும் நழுவிவிட்டான்.

"நீ ஓட்டுறியா?" என்று லீனு கேட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "பிரேக் எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து கிலோமீட்டர் மேட்டை ஏறி முடித்தபோது அவள் பிரிவில் இரண்டாவது இடம். பரிசு கொடுக்கும் மேடையில் அவளைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிப் பூச்சாடியைக் கையில் வைத்தார்கள்.

"இது எதுக்கு?"

"பெண்கள்ல முதலிடம், அம்மணி," என்றார் சங்கத்துக் காரியதரிசி.

"பெண்கள் எத்தனை பேர் ஓட்டுனாங்க?"

"நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப கடைசி இடமும் நான்தான். நேரப் பட்டியல்ல ரெண்டாவதா யார் பேரு இருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பெயர் இருந்தது. இரண்டாம் இடத்துக் கோப்பை அதற்குள் மூன்றாவதாக வந்த மருந்துக்கடைக்காரர் கைக்குப் போயிருந்தது. அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே மேடையேறி அதை அவளிடம் நீட்டினார். லிஜியா பூச்சாடியை அவருக்குக் கொடுத்தாள். "வீட்ல அம்மாவுக்குக் குடுங்க" என்றாள். அது 1983.

கடல் தாண்டிப் பெருநிலத்துக்குப் போனது அதற்கு மூன்று வருடம் கழித்து. எல்லாரும் ஒரே மாதிரி வண்டி ஓட்டும் கோப்பைப் பந்தயத்துக்கு ஒருவர் தேவைப்பட்டார். எஸ்டோரில் என்ற ஊரின் பந்தயத் தடத்தை முதன்முதலில் பார்த்துவிட்டு லீனுவுக்குப் போன் போட்டாள்.

"இவ்வளவு நேரா ஒரு ரோட்ட நான் பாத்ததே இல்ல, லீனு. நடுவுல என்ன செய்றதுன்னே தெரியல."

"ஆக்ஸிலேட்டர மிதிச்சுக்கிட்டு இரு."

"மிதிச்சுட்டேன். அதுக்கப்புறம்?"

முதல் வருடம் கடைசிக்கு முந்தின இடம். இரண்டாம் வருடம் நடுவாந்தரம். மூன்றாம் வருடம் மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புல்லில் சறுக்கி இறங்க, அவள் முதலாவதாக வந்தாள். அருவிக்கடியில் லாரி ஓட்டியவளுக்கு அந்த மழை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோப்பைப் பந்தயம் அதோடு நின்றுபோனது. சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. டயர்க் கம்பெனிக்காக நாளெல்லாம் ஈரத்தளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஒரு பருவம் ஓட்டிவிட்டு, இது தனக்கு ஒத்துவராது என்று தானே சொல்லி இறங்கினாள். லாரிப் பந்தயத்தில் இரண்டு வருடம். அங்கே அவளைப் பார்த்து, "காய்கறி எங்கம்மா?" என்று கேலிசெய்தவர்களை முதல் வளைவிலேயே முந்தினாள்.

பாலைவனப் பந்தயத்துக்குப் போனது, ஒரு குழுவின் காருக்கு உதிரிபாகம் சுமந்து பின்னால் போகும் லாரியின் ஓட்டுநராக. காரோட்டிகளுக்குத்தான் பெயர். ஐந்தாம் நாள் அவர்களின் கார் மணல்மேட்டில் உருண்டது. குழுத்தலைவர் போனில், எல்லாரும் மூட்டை கட்டுங்கள் என்றார்.

"லாரியும் பந்தயத்துல பேர் குடுத்துருக்கு, சார். கதவுல நம்பர் ஒட்டியிருக்கு," என்றாள் லிஜியா.

"யாருக்கு உதிரிபாகம் கொண்டுபோறே இப்ப?"

"எனக்குத்தான்."

கடைசி இரண்டு நாள் லாரியில் கிளட்ச் செத்துவிட்டது. இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து, வேகம் ஒத்துவரும் நொடியில் கியரைத் தள்ளித் தள்ளியே பந்தயம் முடியும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். லாரிகளில் கடைசிக்கு முந்தின இடம். அந்த இடத்தைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை இருந்தது.

நாற்பதை நெருங்கும்போது தீவுக்குத் திரும்பி ராலி ஓட்ட ஆரம்பித்தாள்; ஊர்ச் சாலைகளை மறித்து, கட்டம் கட்டமாக நேரம் பார்க்கும் பந்தயம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழிக்குறிப்பு வாசிக்க ஆள் வேண்டும். ஒடேட் வந்தாள். ஐம்பதைத் தொடும் பள்ளிக்கூட ஆசிரியை. காரில் ஏறினாலே குமட்டும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, இரண்டு வளைவுக்கு நடுவே அதை உபயோகித்துவிட்டு, அடுத்த வளைவை ஒரு எழுத்து பிசகாமல் வாசிப்பாள். வகுப்பில் சொல்வதெழுதல் நடத்தும் அதே குரல்.

2001 அக்டோபரில் பெருநிலத்தில் ஒரு மலை ராலி. ஒடேட், "இடது, மெதுவா, இலை கெடக்கு," என்று வாசித்தாள். லிஜியா கேட்டாள். கேட்டும் மெதுவாக்கவில்லை. யூகலிப்டஸ் இலைமேல் கார் வழுக்கி மரத்தில் பக்கவாட்டில் மோதியது. ஒடேட்டுக்கு நெற்றியில் ஒரு கீறல். லிஜியாவின் இடது முழங்கால் காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கூண்டின் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நான்கு அறுவைச் சிகிச்சை. கடைசியில் கால் பாதிதான் மடங்கியது. பார்க்க வந்தவர்கள் சாலையைத் திட்டினார்கள், மரத்தைத் திட்டினார்கள். லிஜியா எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"அக்கா சரியாத்தான் சொன்னா. நான்தான் கேக்கல."

ஒரு வருடம் கழித்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, லீனுவின் பட்டறையில் நின்றாள்.

"கிளட்ச்ச காலுக்குப் பதிலா கையில போடுறதுக்கு ஆகுமா?"

லீனு அவள் காலைப் பார்த்தான். "கியர்க் கம்பிலயே ஒரு பிடி வெச்சு கேபிள் இழுக்கலாம். ஆனா டாக்டர் விடமாட்டார்."

அந்த டாக்டரின் பெயர் பெரெங்கேர். தீவின் மோட்டார் சங்கத்துக்காக ஓட்டுநர்களைச் சோதிப்பவர், மெல்லப் பேசுபவர். கால் அடிபட்டவர்கள் மறுபடி உரிமம் வாங்க வேண்டுமென்றால் ஒரு சோதனை உண்டு. தலைக்கவசம் போட்டு, பெல்ட் எல்லாம் பூட்டி உட்கார வேண்டும். விசில் ஊதியதும் ஏழு நொடிக்குள் யார் உதவியும் இல்லாமல் வெளியே நிற்க வேண்டும்.

மார்ச் மாதம் முதல் தடவை முயன்றாள். மடங்காத கால் ஸ்டியரிங்குக்கும் கூண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பதினோரு நொடி.

"தீப்பிடிச்சா அது காத்துக்கிட்டு இருக்காது, லிஜியா," என்றார் டாக்டர்.

"சரிதான்," என்றாள். வாதாடவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலை முதல் பேருந்தில் ரிபெய்ரா பிராவாவுக்கு வந்தாள். லீனு சக்கரமில்லாத காரை நான்கு கட்டையில் தூக்கி வைத்திருந்தான். ஏறி உட்கார்ந்து, பூட்டி, அவிழ்த்து, இறங்குவாள். நாற்பது தடவை. கால் முதலில் வெளியே வரக்கூடாது என்பது இரண்டாம் வாரத்தில்தான் புரிந்தது. முதுகு முதலில் வரவேண்டும். இரண்டு கையாலும் கூரை விளிம்பைப் பிடித்து, தொட்டியிலிருந்து எழுவது போலப் பின்னால் எழுந்து, கடைசியில் காலை உருவ வேண்டும். அந்தக் கடைசி உருவல்தான் நேரத்தைத் தின்றது.

ஏப்ரலில் இரண்டாம் தடவை. எட்டு நொடிக்கு மேல் கொஞ்சம்.

"அடுத்த வருஷம் வாயேன். இன்னும் நல்லா ஆறியிருக்கும்," என்றார் டாக்டர்.

"எத்தன தடவ வரலாம்னு விதியில எதாச்சும் போட்டிருக்கா, டாக்டர்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "போடல."

"அப்ப மே மாசம் வர்றேன்."

அன்று மாலை ஒடேட் தங்கையின் பந்தய உடுப்பை மடியில் போட்டு, முழங்கால் பக்கத்தில் பெல்ட் துணியால் ஒரு வளையம் வைத்துத் தைத்தாள். கையால் காலைப் பிடித்துத் தூக்குவதற்கு.

"அக்கா, நீ மறுபடி வரணும்னு இல்ல. வேற ஆளப் பாத்துக்குறேன்."

ஒடேட் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உன்கூட உக்காந்து வாந்தி எடுக்க வேற எவ வருவா?"

"நெசமாத்தான் கேக்குறேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு. மெதுவான்னு நான் வாசிச்சா மெதுவா போவணும். மறுபடி ஒருதடவ அந்தச் சத்தம் கேக்க என்னால ஆகாது."

லிஜியா நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் நெற்றியில் அந்தக் கீறல் வெள்ளைக் கோடாக நின்றது.

"போவேன்," என்றாள்.

மே மாதம் மூன்றாம் தடவை. விசில் ஊதியது. பெல்ட், கூரை, முதுகு, வளையம். ஆறரை நொடி.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒரு தடவ அதிர்ஷ்டத்துலயும் வரலாம்."

அவள் மறுபடி ஏறி உட்கார்ந்து பூட்டிக்கொண்டாள். ஆறே முக்கால். முகம் வெளுத்திருந்தது, மேல் உதட்டில் வியர்வை. இன்னொரு முறை செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகவே ஏறினாள். டாக்டர் விசிலை வாயில் வைக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு நொடி.

"போதும். கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் அவர்.

ஆகஸ்டில் தீவு ராலி. ஜனங்கள் சாலையோரம் நாற்காலி போட்டு, லாரல் குச்சியில் இறைச்சி கோத்துச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் சிக்கலில்லாமல் போனது. ஒடேட் மெதுவா என்று வாசித்த இடமெல்லாம் லிஜியா மெதுவாகப் போனாள். இரண்டாம் நாள் என்குமியாடா கணவாயில் மூடுபனி. மூன்று கட்டம் பாக்கி இருக்கையில் கையில் பிடித்திருந்த கிளட்ச்சுப் பிடி தொளதொளவென்று தொங்கியது. கேபிள் அறுந்துவிட்டது.

பழுதுபார்க்கும் இடத்தில் லீனு தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தான். "மாத்துக் கேபிளும் இதே மாதிரிதான் நைஞ்சு கெடக்கு. கணக்குத் தப்பிடுச்சு. விட்டுடலாம், லிஜியா."

"ஸ்டார்ட்டர் நல்லாருக்கா?"

"இருக்கு."

"பேட்டரி?"

"புதுசு. ஏன்?"

"அப்ப கிளம்புறோம்."

தொடக்கக் கோட்டில் இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுவைத்தாள். அதிகாரி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கடைசி விரல் மடங்கியதும் சாவியைத் திருகினாள். கார் அடிபட்ட கழுதை போலத் துள்ளி, இருமி, கிளம்பியது. அதற்கப்புறம் காதுதான் வேலை செய்தது. இன்ஜின் ஏறும் சத்தம், இறங்கும் சத்தம், ஒத்துவரும் அந்த ஒரு கணம். கியர் தானாக விழுந்தது. பக்கத்தில் ஒடேட்டின் குரல்.

"வலது, இறுக்கம். இடது, நீளம். மெதுவா, ஈரம்."

மெதுவாக்கினாள்.

"இப்ப மிதி."

மிதித்தாள்.

மூன்று கட்டத்தையும் அப்படியே முடித்தார்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு நொடி போயிற்று. கிளம்பியவை அறுபது கார், முடித்தவை முப்பத்தெட்டு, அவர்கள் இருபத்தாறாவது. அவர்கள் பிரிவில் மூன்றாவது. ராலி முடியும் கடற்கரையில் ஒடேட் இறங்கி நேராகப் போய்ச் சுவரோரம் குனிந்து நின்றாள். லிஜியா கார் கதவில் சாய்ந்து வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். டாக்டர் பெரெங்கேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"ரொம்பவா?"

"ரொம்ப." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் அப்படிச் சிரித்து லீனு பார்த்தது அன்றுதான்.

அடுத்த குளிர்காலத்தில் பெருநிலத்துக் குழு ஒன்று கூப்பிட்டது. இருபத்து நான்கு மணி நேரப் பந்தயம், மாறி மாறி ஓட்ட நான்கு ஓட்டுநர் வேண்டும், ஒருவர் குறைகிறார். கிளட்ச் மிதியே இல்லாத வண்டி. கூப்பிட்டவர் தயங்கித் தயங்கிக் காலைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும் என்று இவள் திருப்பிக் கேட்டாள். ஓட்டுநர் மாறும் இடத்தில் பத்து நொடி என்றார் அவர். "நாலு நொடி மிச்சம்," என்றாள் லிஜியா.

ஒடேட்டைத் தீவிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினாள். அந்தப் பந்தயத்தில் பக்கத்து இருக்கை கிடையாது.