உள்ளங்கையில் ஏறிய மஞ்சள்

கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டியபோதுதான் பார்த்தேன். என் கணவரின் உள்ளங்கை மஞ்சளாக இருந்தது.

போன வருடம் அவர் கல்லீரல் அழற்சியில் (கல்லீரல் வீங்கிச் செயல் குறைவது) சாகப் பிழைக்கக் கிடந்து மீண்டவர். மறுபடி காமாலை வந்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் எங்கள் விளாங்குடி வீட்டில் குழம்புக்கு மஞ்சள் பொடியே போடுவதில்லை. எனவே பொடி ஒட்டியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தூங்கும்போது உள்ளங்காலைப் பார்ப்பேன். அதுவும் மஞ்சள்.

கொட்டாம்பட்டியிலிருந்து அண்ணன் வந்தார். கோழி வளர்த்து, அதன் தீவனத்துக்கு மக்காச்சோளம் பயிரிடுகிறவர். எங்களுக்கும் ஒரு மூட்டை தருவார். என் கணவர் கையைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

“கீழாநெல்லிய அரைச்சுக் குடுத்துப் பாப்போம் தாயி. ஆஸ்பத்திரிக்கு அப்பறம் போவோம்.”

“இல்லண்ணே, இப்பவே போவோம்.”

டாக்டர் என் கணவரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு. நீங்க பாக்கலையாம்மா?”

பார்க்கவில்லை. மஞ்சளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர் முகத்தையே தவிர்த்திருந்தேன்.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். காலையும் இரவும் மக்காச்சோளக் கஞ்சி, மதியம் பரங்கிக்காய், சாயங்காலம் பப்பாளி என்றேன். மஞ்சள் பொடியை விலக்கிய எனக்கு இவையெல்லாம் மஞ்சள் என்று தோன்றவே இல்லை.

இவற்றில் கரோட்டினாய்டு (செடிகள் தாமே உண்டாக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறமி) இருக்கிறதாம். அதில் சிலவற்றை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். மக்காச்சோளத்திலுள்ள லூட்டீன் என்ற நிறமி விழித்திரைக்கு (கண்ணுக்குள் ஒளி வாங்கும் திரை) நல்லது. இந்த நிறமிகள் அளவு மிஞ்சினால் தோலில் தங்கும், கண்ணின் வெள்ளையில் ஏறாது. காமாலையில் ஏறுவது பிலிரூபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி). ஆனாலும் ஈரலைச் சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது என்று ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி நடையில் முடிவுக்காகக் காத்திருந்தோம். என் கணவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஈரல் நன்றாக இருந்தது. “சோளம் குடுங்கம்மா, ரெண்டு வேளையும் வேணாம்” என்றார் டாக்டர்.

“சோளம் போட்டாத்தான் மஞ்சக்கரு நல்லா நெறமா வரும்” என்றார் அண்ணன், உயிர் வந்தவராக.

“அப்ப ஒங்க கோழியும் நானும் ஒண்ணுதான், மச்சான்” என்றார் என் கணவர்.

நான் அழுதுவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கை மஞ்சளானால், பயந்தாலும் முதலில் கண்ணைப் பாருங்கள். பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அவர் கை வெளுக்கச் சில மாதங்கள் ஆயின. இப்போதும் தினமும் விடிந்ததும் ஜன்னல் பக்கம் அவரைத் திருப்பி, கண்ணைப் பார்க்கிறேன். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“என்னத்த இம்புட்டு நேரம் பாக்குற?” என்பார்.

“வெள்ளையா இருக்கு” என்பேன். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.